மூக்கில் அடிக்கும் மருந்து ஆச்சியைக் குணப்படுத்துமா?

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். மகன் நியூஜெர்சியில், மகள் பெங்களூரில். மனைவிக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுவதற்கு ஆள்களை வைத்து வேலை வாங்கியவள், போன ஆவணியிலிருந்து எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறாள். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன்பின் தூக்கமில்லை. உடம்பு மிகவும் இளைத்துவிட்டது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளக்கூட வர மறுத்துவிட்டாள். குடும்ப டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி, அதற்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார். குமட்டல் என்று மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டோம். பிறகு மதுரையில் மனநல மருத்துவர் செர்ட்ரலின் ஆரம்பித்து 150 மில்லிகிராம் வரை கூட்டினார். ஐந்து மாதமாகியும் பெரிய மாற்றம் இல்லை. "இது மருந்துக்குக் கட்டுப்படாத வகை. இங்கே மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது, ஒரே நாளில் கேட்கும், வாங்கி அனுப்புகிறேன்" என்கிறான் மகன். பங்காளிகள் செய்வினை என்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. "நான் போய்ச் சேர்ந்தால் உங்களுக்காவது நிம்மதி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கடைசியாக எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மூக்கு மருந்து சில வாரம் காத்திருக்கலாம். இது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. "நான் போய்ச் சேர்ந்தால் நிம்மதி" என்பதை அலுப்பில் வந்த பேச்சாக விட்டுவிடாதீர்கள். இன்றே உங்கள் மனைவியான ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல முடிந்ததே என்று பெரும்பாலானவர்கள் ஆறுதல் அடைகிறார்கள். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மதுரை மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். நடுராத்திரியானாலும் 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள்; கட்டணம் இல்லை. "இல்லை" என்றாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், ரத்த அழுத்த மாத்திரை உட்பட, உங்கள் பொறுப்பில் பூட்டி வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து ஏதும் இருந்தால் அதை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். வெளியே சொன்னால் போலீஸ், வழக்கு என்று வந்துவிடும் என்ற பயம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. அந்தப் பயத்தில் மறைத்து வைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன்.

மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் எப்போது சொல்கிறார்கள்? இப்போது வந்திருக்கும் நோய்க்கு, குறைந்தது இரண்டு வெவ்வேறு மருந்துகளை, போதிய அளவில், போதிய காலம் (ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் இல்லாதபோதுதான். உங்கள் கடிதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். எஸ்சிட்டலோபிராம் மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. பாகு பதம் வருவதற்கு முன்பே இறக்கிவிட்டு வெல்லம் சரியில்லை என்று சொன்னால் ஆச்சியே ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மருந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அந்தக் குமட்டலும் பலருக்கு முதல் பத்துப் பதினைந்து நாளில் தானே அடங்கிவிடுவது. செர்ட்ரலின் அப்படி இல்லை. 150 மில்லிகிராம், ஐந்து மாதம் என்பது முழுமையான முயற்சி, அவர் தவறாமல் விழுங்கியிருந்தால். இதை மட்டும் அவரைக் கடிந்துகொள்ளாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விரத நாளில் விட்டது, வெளியூர் போனபோது விட்டது, "இதனால் என்ன ஆகப்போகிறது" என்று தலையணைக்கடியில் வைத்தது, இதெல்லாம் இந்த நோயில் சகஜம்.

ஆகவே ஆச்சிக்கு உண்மையாகத் தோற்றிருப்பது ஒரு மருந்து. ஒரு மருந்து தோற்பது அரிதான விஷயம் அல்ல. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 நோயாளிகளைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மற்றவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது படி தேவைப்பட்டது. படி ஏற ஏற வாய்ப்பு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு படியையும் ஒழுங்காக, முழுதாகச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அடுத்த மருந்துக்குப் போகுமுன் உங்கள் மருத்துவர் சில விஷயங்களைப் பார்த்திருப்பார், பார்க்கவில்லையென்றால் நினைவூட்டுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால், எந்த மனச்சோர்வு மருந்து கொடுத்தாலும் சோர்வு எளிதில் விலகாது. இந்த வயதுப் பெண்களிடம் அது அதிகம். ரத்த சோகை, பி12 குறைபாடு ஆகியவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை போதும். இவற்றைவிட முக்கியமான ஒன்று, ரத்தப் பரிசோதனையில் தெரியாதது, உங்களுக்கு மட்டுமே தெரியக்கூடியது. முன்பு எப்போதாவது, மகன் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பிய சமயம் என்று வையுங்கள், சில நாள் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, தேவைக்கு மேல் பாத்திரமும் புடவையும் வாங்கிக் குவித்துக்கொண்டு, யாராவது தடுத்தால் சீறிக்கொண்டு இருந்தாரா? கல்யாண வீட்டுப் பரபரப்பு எல்லோருக்கும் உண்டு. நான் கேட்பது, "இவள் ஆளே மாறிவிட்டாள்" என்று வீட்டார் கவனிக்கும் அளவுக்கு மாறியதை. அப்படி இருந்திருந்தால் இது, அளவு மீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் சோர்வுக் கட்டமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. கட்டுப்படவில்லை என்று அனுப்பப்படும் நோயாளிகளில் சிலருக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த ஸ்ப்ரே. மகன் பொய் சொல்லவில்லை; பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். மருந்தின் பெயர் எஸ்கெட்டமின். ஸ்ப்ராவாட்டோ என்ற பெயரில் அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அனுமதி பெற்றது. அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுப்பதற்கு 1970 முதல் பயன்பட்டு வரும் கெட்டமின் என்ற பழைய மருந்தில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் இரண்டு வடிவங்களில் ஒன்று அது. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் கெட்டமின் மனச்சோர்வை வேகமாகக் குறைக்கிறது என்பதை 2000இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அங்கிருந்து கிளம்பியதுதான் இந்தப் பாதை. ஆச்சி சாப்பிடும் செர்ட்ரலின் மூளையில் செரட்டோனின் வழியாக வேலை செய்கிறது. எஸ்கெட்டமின் குளூட்டமேட் என்ற வேறொரு ரசாயனத்தின் வழியாக வேலை செய்கிறது. பழைய கதவு திறக்காதவர்களுக்கும் இது பயன்படக்கூடும் என்ற நம்பிக்கைக்குக் காரணம் இந்த வேறுபாடு. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரே வழியில் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் துறைக்கு இது உண்மையிலேயே பெரிய செய்தி. நான் அதைக் குறைத்துப் பேச விரும்பவில்லை.

ஆனால் அதை வாங்கி அனுப்ப முடியாது. அமெரிக்காவிலேயே இந்த மருந்தை நோயாளியின் கையில் கொடுப்பதில்லை. பதிவுபெற்ற சிகிச்சை மையத்துக்குப் போய், மருத்துவப் பணியாளர் கண்முன்னே நோயாளி தானே மூக்கில் அடித்துக்கொண்டு, அதன்பின் குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். இணையத்தில் "கெட்டமின் ஸ்ப்ரே" என்று வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது இந்த அனுமதி பெற்ற மருந்து அல்ல. கலந்து தயாரித்துத் தருவது. அதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. இந்தியாவில் கெட்டமின் 'எக்ஸ்' அட்டவணையில் வருகிறது. மருத்துவர் இரட்டைப் பிரதியில் சீட்டு எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற அளவுக்குக் கட்டுப்பாடு. பார்சலில் வந்தால் மகனுக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக ஆச்சிக்கு ஆபத்து.

இரண்டு மணி நேரம் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்பதைச் சொன்னால் ஆபத்து விளங்கும். அடித்த சிறிது நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம், நாக்கில் கசப்பு தெரியலாம். சிலருக்குத் தம் உடம்பே தமதல்ல என்பது போலவும், சுற்றியிருப்பவை விலகிப் போவது போலவும் தோன்றும். தெரியாமல் இருந்தால் பயந்துவிடுவார்கள். முன்பே சொல்லி, பக்கத்தில் ஒருவர் அமைதியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். சிலர் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போவதும் உண்டு. ஆச்சியைப் பொறுத்தவரை என் கவலை ரத்த அழுத்தம். மருந்து அடித்துச் சுமார் நாற்பது நிமிடத்தில் அது ஏறி உச்சத்துக்குப் போகும். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு அன்று காலை அளந்து, கட்டுக்குள் இருந்தால் மட்டுமே மருந்து. மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும், ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. இரண்டு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு இல்லை, அரை மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் இல்லை. அன்று வண்டி ஓட்டக் கூடாது. மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான்.

இதை எத்தனை தடவை செய்ய வேண்டும் என்பதை மகன் சொல்லியிருக்க மாட்டார். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த நான்கு வாரம் வாரம் ஒரு முறை, அதன்பின் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ. முதல் இரண்டு மாதத்தில் மட்டும் 12 நாள். தேவகோட்டையிலிருந்து மதுரைக்குக் காலையில் கிளம்பி, மருந்து, கண்காணிப்பு, திரும்பும் பயணம் என்று ஒவ்வொன்றும் ஒரு முழுநாள், கூடவே ஓர் ஆள். இந்த அலைச்சலை ஏற்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து முன்பே முடிவு செய்ய வேண்டும். நான்கு முறை போய்விட்டு நிறுத்தினால் மறுபடியும் அரைகுறை முயற்சியாகிவிடும்.

ஒரே நாளில் கேட்குமா என்றால், சிலருக்கு ஒரு நாளிலேயே மனம் லேசாவது உண்மை. எல்லோருக்கும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களில் இந்த ஸ்ப்ரேயையும் குவெட்டியாபின் என்ற மாத்திரையையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், இரு தரப்பினரும் வழக்கமான மனச்சோர்வு மருந்தையும் சேர்த்தே சாப்பிட்டார்கள். எட்டாவது வாரத்தில் முழுதாகத் தேறியவர்கள் ஸ்ப்ரே தரப்பில் நூற்றுக்கு 27 பேர், குவெட்டியாபின் தரப்பில் 18 பேர். ஸ்ப்ரே மேல் என்பது தெளிவு. அதேசமயம் நூற்றில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அப்போதும் முழுதாகத் தேறவில்லை என்பதும் தெளிவு. "அமெரிக்க மருந்தும் கேட்கவில்லையே, இனி எனக்கு விடிவே இல்லை" என்று ஒரு நோயாளி நினைத்துவிட்டால், அவருக்கு மருந்தைவிடப் பெரிய தீங்கை நாம் செய்தவர்களாவோம். ஆகவே ஆச்சியிடம் இதைக் கடைசி நம்பிக்கையாகச் சொல்லவே சொல்லாதீர்கள். பழக்கமாகிவிடுமா என்று மகள் கேட்கக்கூடும். கெட்டமினைப் போதைக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நெடுநாள் அப்படிப் பயன்படுத்தினால் சிறுநீர்ப்பை புண்ணாகலாம். கண்காணிப்பில், அளவோடு, இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு.

நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் மனச்சோர்வுக்குக் கெட்டமினையே நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுகிறார்கள்; வழக்கமாக நாற்பது நிமிடம், மயக்க மருத்துவர் கண்காணிப்பில். இங்கே அந்த மருந்துக்குப் பதிவான பயன் மயக்கம் கொடுப்பதுதான். எனவே மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது மருத்துவர் விளக்கிச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஸ்ப்ரேயோ நரம்பு வழியோ, ஆச்சிக்கு அந்தக் கட்டம் வந்தால் எது, எந்த ஊரில் என்பதை உங்கள் மதுரை மருத்துவரே விசாரித்து அனுப்பட்டும்.

அந்தக் கட்டம் வருமுன் செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. மருந்தை வேறு குடும்பத்து மருந்தாக மாற்றலாம். இருக்கும் மருந்தோடு லித்தியம் சேர்க்கலாம். மலிவான, பழைய, ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ரத்த அழுத்த மாத்திரைகள் சில லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கட்டாயம் காட்டுங்கள். பேச்சு வழிச் சிகிச்சையை மருந்தோடு சேர்த்துச் செய்தால் இரண்டும் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாகப் பலன் தரும்.

மின்சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் அதிர்ந்தாலும். "ஷாக்" என்றதும் சினிமாவில் கட்டிப்போட்டுச் செய்யும் காட்சிதான் எல்லோர் மனத்திலும் வருகிறது. இன்று மயக்கம் கொடுத்து, தசை தளர்த்தும் மருந்து கொடுத்துத்தான் செய்ய முடியும். இவை இல்லாமல் செய்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சில நாள் நினைவு மங்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். ஆச்சி சாப்பிடுவதை அறவே நிறுத்தினாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் தீவிரமானாலோ, "நான் பாவம் செய்தவள், குடும்பம் என்னால் அழிகிறது" என்று நடக்காததை நடந்ததாக நம்பத் தொடங்கினாலோ, என் குடும்பத்தவராக இருந்தால் ஸ்ப்ரேயைத் தேடிக்கொண்டிருக்காமல் இதையே முதலில் கேட்பேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது.

பங்காளிகளிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர்கள் விபூதி கொடுத்தால் வாங்கிப் பூசிக்கொள்ளட்டும், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். "அவளே மனசு வைத்தால் எழுந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஆச்சி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனசு வைக்கும் திறனைத்தான் இந்த நோய் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. மருந்து கேட்காததற்கும் அவர் பொறுப்பல்ல.

வீட்டை இப்போது விற்காதீர்கள். நோய் இருக்கும்போது விற்பது, பிரிப்பது, ஊர் மாறுவது என்று மீட்க முடியாத எதையும் செய்ய வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. தேறிய பிறகு அவர் "என் வீடு எங்கே" என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் நீங்கள் சொல்லாமல் சொல்லியிருப்பது எனக்குப் புரிகிறது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நீண்டு கிடக்கும் வீட்டில், பத்துக் குடும்பம் படுத்தெழுந்த வளவில், இரண்டே பேர். ஒருவர் கூடத்தில், இன்னொருவர் உள்ளே ஓர் அறையில், பகல் முழுதும் பேச்சில்லை. செட்டிநாட்டில் இப்படி எத்தனையோ வீடுகளை நான் பார்க்கிறேன்; பிள்ளைகள் அனுப்பும் பணமும் கேமராவும் இருக்கும், பேச ஆள் இருக்காது. தனிமை மட்டுமே இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. வந்த நோயை அது வளர்க்கும். மகள் ஒரு மாதம் வந்து உடனிருக்க முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முடிந்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் புழங்குங்கள். ஆச்சியோடு பலகாரம் போட்ட பெண்களில் அவருக்குப் பிடித்த ஒருவரை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். வேலை வாங்க அல்ல, பக்கத்தில் உட்கார. சில நாள் சும்மா இருக்கட்டும். பிறகு கால்படி மாவுக்குச் சீடை உருட்டட்டும். பழையபடி கல்யாண ஆர்டர் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். காலையில் பத்து நிமிடம் வெயிலில் நடப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். மனம் வந்த பிறகு செய்வது என்று காத்திருந்தால் அது வராது. சிறிதாகச் செய்யச் செய்யத்தான் கொஞ்சம் வரும்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. மூன்று மணிக்கு அவர் விழித்தால் நீங்களும் விழித்திருப்பீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது யாரையாவது ஆச்சியோடு இருக்கச் சொல்லிவிட்டு, காரைக்குடிக்கோ உங்கள் நண்பர் வீட்டுக்கோ போய் வாருங்கள். உங்களுக்கும் தூக்கமும் பசியும் குறைந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இடையில் எத்தனை நாள் விட்டது, என்ன தொந்தரவு வந்தது, ரத்த அழுத்த மாத்திரையின் பெயர், வீட்டில் அளந்த அளவுகள், அவர் சொன்ன அந்த வார்த்தைகள், சொன்ன நாள். "தைராய்டு பார்த்தாயிற்றா, இருதுருவ நோய்க்கு வாய்ப்பு உண்டா, அடுத்த மருந்து எது, அது எத்தனை வாரத்தில் கேட்கவில்லையென்றால் கெட்டமின் பற்றிப் பேசலாம்?" என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால் பத்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். அதுவரை செர்ட்ரலினை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வந்து, நோய் முற்றிவிட்டதோ என்று இருவரும் பயந்துபோவீர்கள்.